உறைந்த குருதியைக் காக்கும் மருந்து

உறைதல் என்னும் வினைக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தங்குதல் ஒன்று; இறுகுதல் மற்றொன்று. மாந்தர் ஊரில் உறைகின்றனர். பால் பானையில் உறைகின்றது. குருதியைப் பற்றிப் பேசுமிடத்து இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து பொருந்துதல் காணலாம். காயத்தின் வாயில் ஓடிக்கொண்டிருந்த செந்நீர், ஓட்டம் தணிந்து அவ்விடத்தே தங்கி இறுகுமாயின் அதனைக் குருதி உறைந்தது என்கின்றோம். உறைந்தது உறைந்தபடியே நிற்குமா, அன்றி மீண்டும் கரைந்து ஓடுமா என்னும் வினாவே சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரின் இரவு உறக்கத்தைக் கெடுப்பது. அவ்வினாவுக்கு மருத்துவ விஞ்ஞானம் கண்ட விடைகளுள் ஒன்றே இக்கட்டுரையின் பொருள். மார்பகத்தில் சத்திரசிகிச்சை செய்தபின் உண்டாகும் குருதிப்பெருக்கையும் அதனால் வரும் இடர்களையும் குறைக்கும்பொருட்டு இந்நாளில் வழங்கப்படும் திரனெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தமிழாசிரியனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று பழைய மாணவருட் சிலர் நகைக்கக்கூடும். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்கராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர்க்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்தவர். அவர் முயற்சியால் சத்திரசிகிச்சை நூல் ஒன்று ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரோடு 1867 இல் தமிழில் அச்சாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கத்தியையும் காயத்தையும் குருதியையும் பற்றித் தமிழிற் பாடம் நடந்த நாடு இது. ஆதலின், இப்பொருளைத் தமிழில் எழுதுவதற்கு யாம் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.

சொல்லைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பெண்ணின் இவ்வுறுப்புக்குத் தமிழில் உள்ள பெயர்கள் பல. சங்கப் புலவர் கூச்சமின்றி வழங்கிய சொல்லை இன்று வகுப்பறையிற் சொல்ல ஆசிரியர் தயங்குகின்றார். பாடம் கேட்கும் மாணவர் தலை குனிகின்றனர். இத்தயக்கம் இலக்கிய வகுப்போடு நின்றுவிடுமாயின் அதனாற் பெருங்கேடு இல்லை. ஆனால் மார்பகத்தில் ஒரு கட்டி தட்டுப்படுகின்ற பெண், அதனைக் கணவனிடமும் கூறாமல், மகனிடமும் கூறாமல், மாதக் கணக்காக மறைத்து வைக்கின்றாள். கூறியபின்னரும், “கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது” என்று அயலார் சொல்லும் பேச்சு அவளை மேலும் சில மாதம் வீட்டில் இருத்திவிடுகின்றது. இம்மலரைப் படிப்போருட் பெரும்பாலார் ஆடவர். தாயையும் தாரத்தையும் தமக்கையையும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்புடையோர். அவர்கள் இவ்வச்சத்தில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்பதை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

முதலில் மெய்யான பகுதியைக் காண்போம். மார்பகத்தை அகற்றும்போது தோலுக்கும் நெஞ்சுத் தசைக்கும் இடையில் அகன்ற ஒரு பரப்பு வெறுமையாகின்றது. நெஞ்செலும்பின் ஓரத்திலிருந்து தசையைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் நாடிகளும், அக்குட் பக்கத்திலிருந்து வருவனவும், அவற்றின் எண்ணற்ற நுண்கிளைகளும் அப்பரப்பில் அறுபடுகின்றன. பெரிய நாடிகளை வைத்தியர் கட்டுகின்றார். சிறியவற்றை மின்சூட்டினாற் சுட்டு அடைக்கின்றார். எனினும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் நுண்குழாய்கள் எஞ்சி நிற்கும். நோயாளி மயக்கத்திற் கிடக்கும்போது குருதியமுக்கம் தாழ்ந்திருக்கும். அவர் விழித்து, இருமி, எழுந்து அமரும்போது அமுக்கம் ஏறும். சற்றுமுன் அடைபட்டிருந்த நுண்குழாய்களுட் சில மீண்டும் திறக்கும். இங்கே குருதியை எதிர்த்து அழுத்தி நிறுத்தக்கூடிய இறுக்கமான அமைப்பு எதுவும் இல்லை. தோலின் கீழ் உள்ள வெற்றிடம் பை போல விரிந்து இடங்கொடுக்கும். அவ்வாறு குருதி தேங்கித் திரள்வதையே வைத்தியர் இரத்தக்கட்டு என்பர். பெரும்பாலும் முதல் இருபத்துநான்கு மணி நேரத்துள் இது வெளிப்படும். சிறியதாயின் உடல் தானே உறிஞ்சிக்கொள்ளும். பெரியதாயின் நோயாளியை மீண்டும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுசென்று, காயத்தைத் திறந்து, திரண்ட குருதியை அகற்றி, கசியும் வாயைத் தேடி அடைக்க வேண்டும். அதனால் உயிர் போவது அரிது. ஆயினும் தோல் கருகலாம், கிருமி தொற்றலாம், காயம் ஆறுதல் தாமதிக்கலாம். காயம் ஆறாமல் புற்றுநோய்க்கான அடுத்த மருந்தையோ கதிர்ச் சிகிச்சையையோ தொடங்குதல் இயலாது. இடர் அத்தாமதத்திலேயே இருக்கின்றது.

இனி வேறொரு நீர்த்தேக்கமும் உண்டு. அதனை இரத்தக்கட்டோடு மயக்குதல் கூடாது. காயத்தின் பின் சில நாள் கழித்து மஞ்சள் நிறமான தெளிநீர் அவ்வெற்றிடத்தில் மெல்ல மெல்லச் சேரும். நிணநீர்க் குழாய்கள் அறுபட்டமையாலும் காயம் ஆறும்போது இழையங்கள் கசிவதாலும் வருவது அது. இவ்விரண்டையும் வெளியேற்றுதற்காகவே மெல்லிய வடிகுழாய் ஒன்றைத் தோலின்கீழ் வைத்து, அதன் நுனியை ஒரு போத்தலுடன் இணைத்து விடுகின்றனர்.

நிற்க. குருதியை நிறுத்தும் வழிகளை நம் நாட்டுப் பண்டை வைத்தியர் எண்ணாமல் இருந்தாரல்லர். சுசுருத சங்கிதை நான்கு வழிகளைக் கூறும். துவர்ப்புடைய பொருள்களாற் காயத்தின் வாயை ஒன்றுசேர்த்தல் சந்தானம். குளிர்ச்சியினாற் குருதியை உறையச் செய்தல் கந்தனம். சாம்பலால் உலர்த்துதல் பாசனம். சுட்டுக் குழாய்களைச் சுருக்குதல் தகனம். (பாசனம் என்பது ஈண்டு வடமொழியிற் சமைத்தல், பக்குவப்படுத்தல் என்னும் பொருளில் வந்தது, குளத்து நீரைப் பாய்ச்சும் எங்கள் ஊர்ப் பாசனமன்று.) இன்றைய வைத்தியரின் மின்சூட்டுக் கருவி தகனத்தின் பேரப்பிள்ளை என்று சொன்னால் தவறாகாது. தையல் ஊசி சந்தானத்தின் வேலையைச் செய்கின்றது. ஆனால் யாம் பேச வந்த மருந்து இந்நான்கனுள் எதிலும் அடங்காது. அது குருதியை உறைய வைப்பதன்று. உறைந்ததைக் கரையாமற் காப்பது. இவ்வேறுபாடே இப்பாடத்தின் உயிர்நிலை. மாணவர் இதனை நன்கு மனத்தில் இருத்துக.

குருதி உறையும் முறையைக் குளக்கட்டு ஒன்றை வைத்து விளக்குவது எங்கள் பகுதி மாணவர்க்கு எளிது. மாரியில் கட்டு உடைப்பெடுத்தால் ஊரார் என்ன செய்வர்? முதலில் கைக்குக் கிடைத்த மண்மூட்டைகளை உடைப்பில் எறிவர். அவை மட்டும் நில்லா. வெள்ளம் இழுத்துச் செல்லும். ஆதலின் கம்புகளை நாட்டி, குழைகளையும் கொடிகளையும் குறுக்கே பின்னி, அப்பின்னலுக்குள் மூட்டைகள் அகப்பட்டு நிற்கும்படி செய்வர். குருதியிலும் அவ்வாறே. குழாய் அறுந்த இடத்தில் குருதிச்சிறுதட்டுக்கள் என்னும் நுண்ணிய துணிக்கைகள் ஓடிவந்து ஒட்டுகின்றன; இவை மண்மூட்டைகள். அடுத்து, குருதியிற் கரைந்திருக்கும் பைபிரினோசன் என்னும் புரதம் திரொம்பின் என்னும் நொதியத்தின் செயலால் பைபிரின் என்னும் நாராக மாறி வலைபோலப் பின்னிக்கொள்கின்றது, இது குழைப்பின்னல். இவ்வலையினுள் செங்குருதிக் கலங்களும் சிக்க, அடைப்பு உறுதியாகின்றது.

கட்டைத் திருத்திய பின்னர் அப்பின்னலும் மூட்டைகளும் அங்கே என்றும் கிடக்கலாகாது. உடலிலும், குழாய் ஆறியபின் அடைப்பு நீங்கவேண்டும். நீங்காவிடின் அக்குழாய் பயனற்றதாகும். அதற்காக இயற்கை ஒரு துப்புரவாளனையும் படைத்திருக்கின்றது. பிளாஸ்மினோசன் என்னும் பொருள் குருதியில் எப்போதும் சுற்றித் திரிகின்றது. அது பைபிரின் நாரைக் கண்டவுடன் அதிற் சென்று பற்றிக்கொண்டு, பிளாஸ்மின் என்னும் நொதியமாக மாறி, நாரைத் துண்டுதுண்டாக நறுக்கிக் கரைத்துவிடுகின்றது. கறையான் மரத்தை அரிப்பதைப்போல என்று கொள்க. இது நல்ல வேலையே. ஆனால் காலமறிந்து செய்யவேண்டிய வேலை. பெருங்காயம் நேர்ந்தபோதும், அகன்ற பரப்பு அறுபட்டபோதும் உடல் கலங்கி, இத்துப்புரவாளனை வேளைக்கு முன்னரே ஏவிவிடுகின்றது. ஒருபுறம் அடைப்புக் கட்டப்படுகின்றது. மறுபுறம் அது அரிக்கப்படுகின்றது. நின்ற குருதி மீண்டும் கசிவது பெரும்பாலும் இதனாலேயே.

பிளாஸ்மினோசன் நாரைப் பற்றுவதற்குக் கை போன்ற சில இடங்கள் அதனிடம் உள. நாரின்மீது அமைந்துள்ள இலைசின் என்னும் அமினோ அமிலத்தையே அக்கைகள் பற்றுகின்றன. திரனெக்சாமிக் அமிலமோ இலைசினை ஒத்த வடிவுடையது. அது முந்திச் சென்று அக்கைகளிற் புகுந்துகொள்ளும். கை நிறைந்தவன் வேறொன்றைப் பற்ற இயலாதன்றே? அதுபோலப் பிளாஸ்மினோசன் நாரைப் பற்றமாட்டாது வெறுமனே ஓடிவிடுகின்றது. பின்னல் பிழைத்தது. மருந்தின் ஆற்றலும் நெடுங்காலம் நில்லாது; சில மணி நேரத்துள் அதன் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறிவிடும். அதன்பின் துப்புரவாளன் தன் வேலையைத் தொடரலாம்.

இம்மருந்தைக் கண்டவர் யப்பானியப் பெண் வைத்தியராகிய உத்தாக்கோ ஒக்காமோத்தோவும் அவர் கணவர் சோசுக்கேயும் ஆவர். இரண்டாம் உலகப் போரின் பின் யப்பானில் ஆராய்ச்சிக்குப் பொருளும் இல்லை, கருவியும் இல்லை. வேறெதுவும் கிடையாதாயினும் தத்தம் உடற் குருதியாவது கிடைக்குமே என்று கருதி அவர்கள் குருதியை ஆராயத் தொடங்கினர். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத நாள்களில் உத்தாக்கோ தம் மகளை முதுகிற் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் நின்று வேலை செய்தார். ஆடவரே நிறைந்த வைத்தியர் சபையில் ஏளனமும் கேட்டார். இலைசினை முதலாகக் கொண்டு முதலில் ஒரு பொருளையும், பின்னர் அதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த திரனெக்சாமிக் அமிலத்தையும் கண்டு 1962 இல் வெளியிட்டனர். பிள்ளைப்பேற்றின்போது குருதி பெருகி இறக்கும் தாய்மாரைக் காக்கவேண்டும் என்பதே அவர் நெஞ்சில் இருந்த நோக்கம். ஆயின், அதனைச் சோதித்துப் பார்க்கும்படி அவர் தம் நாட்டு மகப்பேற்று வைத்தியரை எவ்வளவோ வேண்டியும் அவர்கள் இசையவில்லை.

யப்பான் நாட்டுக்கும் மார்பகச் சத்திரசிகிச்சைக்கும் இதனினும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1804 ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 ஆம் நாள், அனாவோக்கா செய்சூ என்னும் வைத்தியர் அறுபது வயதான மூதாட்டி ஒருவரை மருந்து ஊட்டி மயக்கி, அவரின் மார்பகப் புற்றை வெட்டியெடுத்தார். ஐரோப்பியர் ஈதரைக் கண்டு வியப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அம்மயக்க மருந்தின் முதன்மையான சரக்கு எம் வேலியோரங்களில் முளைத்துக் கிடக்கும் ஊமத்தை இனமே என்றால் மாணவர் வியப்பர். (வியந்தபின் எவரும் ஊமத்தையைத் தொட்டுச் சோதிக்க முற்படற்க, அது கொல்லும் நஞ்சு.) வலியை வென்றவரும், குருதிக் கசிவை வெல்ல வழி காட்டியவரும் ஒரே நாட்டார் ஆனமை நினைக்கத்தக்கது.

ஒக்காமோத்தோவின் மருந்து நெடுங்காலம் பெண்களின் மாதப்போக்கு மிகுதிக்கும் பல்வைத்தியத்துக்குமே பெரிதும் பயன்பட்டு வந்தது. அதன் பெருமை உலகறிய விளங்கியது 2010 இல். விபத்தில் அடிபட்டுக் குருதி சிந்திய 20,211 பேரை 40 நாடுகளிற் சேர்த்து நடத்திய பெருஞ் சோதனையொன்றின் முடிவு அவ்வாண்டு வெளிவந்தது; நம் அயல் நாடாகிய இந்தியாவும் அதிற் பங்குகொண்டது. மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 14.5 பேரும், மருந்தற்ற வெறுநீர் பெற்றோரில் நூற்றுக்கு 16 பேரும் இறந்தனர். அடிபட்ட மூன்று மணி நேரத்துள் கொடுத்தபோதே இம்மருந்து உயிர் காத்தது. அதன்பின் கொடுக்கப்பட்டோரிடையே குருதிப்பெருக்கால் இறந்தோர் தொகை குறையவில்லை, கூடிற்று. அரித்து முடிந்த பின்னலுக்குக் காவல் வைத்து யாது பயன்? 2011 இல் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தின் இப்பயனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. பிள்ளைப்பேற்றுக் குருதிப்பெருக்கில் இதனை ஆராய்ந்து, 20,060 தாய்மாரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2017 இல் வந்தது. பேற்றின் பின் மூன்று மணி நேரத்துள் கொடுத்தால் குருதிப்பெருக்கால் வரும் மரணம் குறையும் என்பது உறுதியாயிற்று. உத்தாக்கோ 2016 ஏப்பிரலில் தமது 98 ஆவது வயதில் மறைந்திருந்தார்.

இனி மார்பகத்துக்கு வருவோம். சுவிற்சர்லாந்தில் 160 பெண்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 1994 இல் வெளியாயிற்று. புற்றுநோய்க்காக மார்பகத்திலும் அக்குளிலும் சத்திரசிகிச்சை பெற்ற அவர்களுட் பாதிப்பேருக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டது. வடிகுழாயில் வந்த நீரின் சராசரி அளவு மருந்து பெற்றோரிடம் 283 மில்லிலீற்றர். பெறாதோரிடம் 432 மில்லிலீற்றர். அதன்பின் நோர்வே நாட்டில் ஒரு நுட்பமான சோதனை செய்தனர். மிகப் பெருத்த மார்பகங்களைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையில் இருபுறமும் ஒரேவகையான காயம் உண்டாகும். ஆகவே ஒரே பெண்ணின் ஒரு பக்கத்துக் காயத்தை மருந்து நீராலும், மறு பக்கத்தை உப்பு நீராலும் நனைத்துத் தைத்தனர். எந்தப் பக்கத்துக்கு எது என்பது வைத்தியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. வயது, உணவு, குருதியமுக்கம், வைத்தியரின் கைத்திறன் ஆகிய அனைத்தும் இருபுறமும் ஒன்றே; வேறுபட்டது மருந்து ஒன்றே. ஒப்பிடுதல் என்னும் கலைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை விஞ்ஞான மாணவர் காண்பது அரிது. 2015 இல் வெளிவந்த இவ்வாராய்ச்சியிற் பங்குகொண்ட 28 பெண்களிடத்தில், மருந்து நீர் பட்ட பக்கத்தில் வடிந்த நீர் 39 வீதம் குறைந்திருந்தது. அதே நாட்டார் மார்பகம் அகற்றப்பட்ட 202 பெண்களிடம் மீண்டும் இம்முறையைச் சோதித்து 2020 இல் வெளியிட்டனர். முதல் நாளில் வடிந்தது மருந்து பெற்றோரில் சராசரி 110 மில்லிலீற்றர், பெறாதோரில் 144.

இவ்வெண்களைக் கண்டு மருந்தை அமுதம் என்று கொள்ளற்க. வடிநீரை அளப்பது எளிது. ஆகையால் ஆராய்ச்சியாளர் அதனை அளக்கின்றனர். நோயாளி கேட்பதோ வேறு: “என்னை மறுபடியும் கூடத்துக்குக் கொண்டுபோவார்களா?” முப்பது நாற்பது மில்லிலீற்றர் குறைவது அவளுக்குப் பெரிதன்று. இரத்தக்கட்டு உண்டாகி மீண்டும் வெட்டவேண்டிய நிலை நூற்றுக்குச் சிலரிடமே வருவதால், அது எவ்வளவு குறைகின்றது என்று உறுதியாகச் சொல்லப் பல்லாயிரவரைச் சோதிக்க வேண்டும். அத்தகைய பெருஞ் சோதனையொன்று, இருதயம் நீங்கிய பிற உறுப்புகளிற் சத்திரசிகிச்சை பெற்ற 9,535 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2022 இல் வெளிவந்தது. தொடக்கத்தில் ஒரு கிராம், முடிவில் ஒரு கிராம் என மருந்து கொடுக்கப்பட்டோரில் பெருங்குருதிப்பெருக்கு முதலிய இடர் நூற்றுக்கு 9.1 பேருக்கும், கொடுக்கப்படாதோரில் 11.7 பேருக்கும் உண்டாயிற்று. பயன் மெய்யானது, ஆனால் அளவானது. மஞ்சள் நீர்த்தேக்கத்தை இம்மருந்து முற்றாகத் தடுப்பதும் இல்லை. அது உறைவைச் சார்ந்த நோயன்று ஆதலின் அவ்வாறு எதிர்பார்ப்பதும் முறையன்று.

உறைவைக் காக்கும் மருந்து வேண்டாத இடத்து உறைவையும் காக்குமோ என்னும் ஐயம் அறிவுடையோர்க்கு எழும். எழவேண்டியதே. காலின் ஆழ்நாளத்திலோ நுரையீரலிலோ முன்னர்க் குருதி உறைந்து அடைத்திருந்தால், அன்றி அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்திருந்தால், வைத்தியர் இம்மருந்தைத் தவிர்ப்பார் அல்லது மிக ஆராய்ந்தே கொடுப்பார். புற்றுநோயே குருதி உறையும் போக்கைக் கூட்டுவது என்பதும், அந்நோய்க்குக் கொடுக்கும் தமொக்சிபன் போன்ற குளிசைகளும் அவ்வாறே என்பதும் நினைவில் இருத்தற்பாலன. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு மருந்து உடலில் தேங்குமாதலின் அளவைக் குறைக்கவேண்டும். அளவு மிஞ்சினால் வலிப்பு வருதலும் உண்டு. ஆதலின் இது கடையில் வாங்கி வீட்டிற் கொடுக்கும் பண்டமன்று. மாதப்போக்குக்காக வாங்கிய குளிசை மீதமிருக்கின்றது என்று சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் தாமாகவே விழுங்கும் வழக்கத்தைத் தவிர்க்கவேண்டும்.

பாம்புக்கடியைப் பற்றியும் இவ்விடத்து ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வன்னியில் குருதி உறையாமை என்றவுடன் எவர்க்கும் கண்ணாடி விரியனே நினைவில் வரும். கடிபட்டவரின் குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாது வைத்துச் சரித்துப் பார்க்கும் சோதனையை எங்கள் வைத்தியசாலைகளிற் கண்டோர் பலர். அங்கே குருதி உறையாமல் நிற்பது ஏன்? நஞ்சானது பைபிரினோசன் முழுவதையும் வீணிற் செலவிட்டுத் தீர்த்துவிடுகின்றது. பின்னலுக்கு நாரே இல்லை. இல்லாத பின்னலைத் திரனெக்சாமிக் அமிலம் காக்கமாட்டாது. அங்கே வேண்டியது விசமுறி மருந்தே. சத்திரசிகிச்சையிலும் இவ்வுண்மை பொருந்தும்: கட்டாமல் விட்ட பெருநாடியை எந்த ஊசியும் அடைக்காது. கையாற் கட்டவேண்டியதைக் கையாற் கட்டியபின், எஞ்சிய நுண்கசிவுக்கே இம்மருந்து துணை.

மருந்து கொடுப்பதா, நாளத்தில் ஏற்றுவதா, காயத்தை நனைப்பதா, அன்றி வேண்டாமா என்பதைத் தீர்மானிப்போர் சத்திரவைத்தியரும் மயக்க மருந்து வைத்தியரும். எல்லாருக்கும் இது கட்டாயமன்று. நோயாளியின் வீட்டார் செய்யவேண்டியது அவர்களுக்கு மெய்யைச் சொல்வது. இருதயத்துக்காக உண்ணும் அசுப்பிரின், குளோப்பிடோகிரல், வார்பரின் முதலியவற்றின் பெயரைச் சொல்லுக. குளிசை அட்டைகளையே கொண்டுபோய்க் காட்டுதல் இன்னும் நன்று. ஆனால் சத்திரசிகிச்சை வருகின்றதென்று அவற்றைத் தாமாக நிறுத்தலாகாது. நாட்டு வைத்தியரிடம் வாங்கிய கசாயம், உள்ளித் தைலம் போன்றவற்றையும் மறைக்கவேண்டாம். முன்னைய பிள்ளைப்பேற்றில், பற்பிடுங்கலில் குருதி நெடுநேரம் நிற்காமல் இருந்ததா, கால் வீங்கி வலித்ததா என்பவற்றையும் சொல்லுக. பெண்கள் கூசி விடுவன இவையே.

கனகராயன்குளத்தார்க்கு வவுனியா மாவட்ட வைத்தியசாலை அண்மையது. புற்றுநோய்க்கென அமைந்த வடபகுதி வைத்தியசாலையோ தெல்லிப்பழையில் உள்ளது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் கால்நடையாகச் சென்றோர் திரட்டிய நிதியால் எழுந்து, 2013 இல் திறக்கப்பட்டது அது. கண்டி வீதிவழியே நூறு கிலோமீற்றருக்குக் குறையாத பயணம். மகரகமைக்குப் போவதினும் இது எளிதாயினும், காயத்தோடு திரும்பும் பெண்ணுக்கு நெடுந்தூரமே. ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது, அவசரமாயின் எந்த வைத்தியசாலைக்கு முதலிற் செல்வது என்பதைத் தாதியரிடம் கேட்டு, நோய் விவர அட்டையையும் கையோடு வாங்கிவருதல் வேண்டும்.

வீடு வந்தபின் கவனிக்கவேண்டியன சில. காயத்தின் ஒருபுறம் சில மணி நேரத்துள் வீங்கி இறுகுதல். வலி குறையாமல் ஏறிச்செல்லுதல். தோல் ஊதா நிறமாகிப் பரவுதல். வடிகுழாய்ப் போத்தலில் கொழுஞ் செங்குருதி விரைந்து நிறைதல். தலைசுற்றல், வியர்வை, நெஞ்சு படபடப்பு. இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்கலாகாது. இரவே வாகனம் தேடுக. ஒரு காலின் கெண்டைத்தசை மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு முட்டினாலும் அவ்வாறே. அவை வேண்டாத இடத்தில் உறைந்த குருதியின் குறிகள். பல நாள் கழித்து வலியின்றி மெல்லத் திரளும் வீக்கம் மஞ்சள் நீராக இருக்கலாம். அதற்குக் கிளினிக் நாளில் ஊசியால் நீரெடுத்தல் போதும். வடிகுழாயோடு வீடு திரும்புவோரின் பிள்ளைகளுட் கொப்பி எழுதத் தெரிந்த ஒருவர், நாள்தோறும் அதே வேளையில் போத்தலிலுள்ள அளவையும் நிறத்தையும் குறித்து வைப்பாராக. திங்கள் 90, சிவப்பு. செவ்வாய் 60, இளஞ்சிவப்பு. புதன் 45, மஞ்சள் என்று எழுதிய அந்த ஒற்றைத் தாளைக் கண்டதும் வைத்தியர், குழாயை இன்று எடுக்கலாமா என்பதை முடிவு செய்வார்.